புகார் வாங்கிய அன்று மாலை

(அரசு, அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. பேச்சின் போக்கு மாறாமல் எழுத்தில் தரப்படுகிறது.)



"அடிக்கவும் கூடாது, திட்டவும் கூடாது, அப்புறம் நாங்க என்னதான் சார் செய்யறது?" உங்களில் பாதிப்பேர் இந்தக் கேள்வியோடுதான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் வகுப்பறையிலிருந்து வந்தவன்தான். ஸ்டாஃப் ரூமில் இந்தக் கேள்வி எழாத வாரம் கிடையாது. அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன், வருகிறேன். அதற்கு முன் ஒரு நாளைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

2023 ஆகஸ்ட் 9. நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் சில நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து கேட்டார்கள். இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்காத பள்ளிகள் ஏராளம். கூடப் படிக்கிற சிலர் சாதியைச் சொல்லித் தன்னை இழிவுபடுத்துவதையும் எடுபிடி வேலை ஏவுவதையும் பையன் சொன்னான். எழுதி வாங்கிக்கொண்டார்கள். விஷயம் சம்பந்தப்பட்டவர்கள் காதுக்கும் போயிற்று. அன்று இரவு அவர்கள் அரிவாளோடு அவன் வீட்டுக்கே போனார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பத்திரிகைகளில் நீங்கள் எல்லோரும் படித்ததுதான்.

அந்தப் பள்ளியைக் குற்றக்கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. தமிழ்நாட்டில் எந்தப் பள்ளியாக இருந்தாலும் அன்று அதைத்தான் செய்திருக்கும்: கூப்பிட்டுக் கேட்டிருக்கும், எழுதி வாங்கியிருக்கும், "இனிமே இப்படிப் பண்ணாதீங்கடா" என்று கண்டித்திருக்கும், அந்தத் தாளைக் கோப்பில் வைத்திருக்கும். என் கவலையே அதுதான். விதிப்படி எல்லாம் நடந்திருக்கிறது. ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட பையன் அன்று மாலை யாரோடு வீட்டுக்குப் போனான்? அவன் யார் பெயரைச் சொன்னானோ அவர்கள் யாரோடு போனார்கள்? அவர்களுடைய பெற்றோரை வரவழைத்து, முகம் பார்த்துப் பேசி, பிள்ளைகளை அவர்கள் கையில் ஒப்படைத்தார்களா? காவல் நிலையத்துக்கு ஒரு போன் போனதா? நம் எந்தப் பதிவேட்டிலும் இந்தக் கேள்விகளுக்குக் கட்டம் கிடையாது.

ஒரு பிள்ளை வாய் திறந்து சொல்லும்வரை அவன் படுவது இழிவு. சொன்ன நிமிஷத்திலிருந்து அது ஆபத்தாக மாறுகிறது. யாரைப் பற்றிச் சொன்னானோ அவர்களுக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது: "எங்களையே மாட்டிவிட்டியா?" புகாரை வாங்கியதும் நம் வேலை முடிந்தது என்று நாம் மூச்சு விடுகிறோம். அங்கே அந்தப் பையனுக்கு மூச்சு முட்ட ஆரம்பிக்கிறது. பள்ளிகளில் நடக்கும் பெரிய விபரீதங்கள் பலவற்றைக் கூர்ந்து பார்த்தால், யாருக்குமே தெரியாமல் திடீரென்று நடந்தவை மிகக் குறைவு. தெரிந்துவிட்டது, தெரிந்ததற்கும் நடந்ததற்கும் நடுவே சில மணி நேரமோ சில நாளோ இருந்தது. அந்த இடைவெளியில் பொறுப்பு எடுத்துக்கொள்ள ஒருவரும் இல்லை. இன்று நான் பேசப்போவது இந்த இடைவெளியைப் பற்றி மட்டும்தான்.

அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். அங்கே துப்பாக்கி, இங்கே அரிவாள். அங்கே இருக்கிற கோபத்தின் வேர் வேறு, இங்கே வேறு. அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அங்கே ஒவ்வொரு நிமிஷமும் நீதிமன்றத்தில் பதிவாகியிருப்பதால், ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்பதை வரிசையாகப் பார்க்க முடிகிறது.

மிச்சிகன் மாநிலம், ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளி. 2021 நவம்பர் 29. பதினைந்து வயது மாணவன் வகுப்பில் கைப்பேசியில் துப்பாக்கித் தோட்டாக்களைத் தேடிக்கொண்டிருந்ததை ஓர் ஆசிரியர் பார்த்துவிட்டார். பள்ளி அவன் தாய்க்குக் குரல் செய்தி அனுப்பியது. மறுநாள் காலை, அவனுடைய கணக்குத் தாளில் துப்பாக்கிப் படம், ரத்தம் கொட்டும் உருவம், எண்ணங்கள் தன்னை விடவில்லை, உதவுங்கள் என்ற பொருளில் சில வரிகள். ஆசிரியை படமெடுத்துத் தெரிவித்தார். பள்ளி ஆலோசகர் பையனை அழைத்து உட்காரவைத்தார். பெற்றோர் வரவழைக்கப்பட்டார்கள். பிள்ளைக்கு இரண்டு நாளுக்குள் மனநல உதவி கிடைக்கச் செய்யுங்கள் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. வேலைக்குப் போக வேண்டும் என்று அவனை அங்கேயே விட்டுவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். பள்ளி அவனை வகுப்புக்கு அனுப்பியது. புத்தகப் பை அவனிடமே திரும்பப் போனது. யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. பகல் 12.51. நான்கு மாணவர்கள் இறந்தார்கள், ஏழு பேருக்குக் காயம்.

பெற்றோர் இருவருக்கும் 2024இல் சிறைத்தண்டனை கிடைத்தது. அமெரிக்காவிலேயே அது புதிது. ஆனால் என் கண் நிற்பது அந்த ஆசிரியர்கள்மேல்தான். ஒருவர் கைப்பேசியைக் கவனித்தார். ஒருவர் படத்தைக் கவனித்தார். ஒருவர் பேசினார். அலட்சியம் என்று ஒருவரையும் ஒற்றையாகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் "இவன் இப்போது வகுப்புக்குப் போகலாமா, கூடாதா" என்று முடிவெடுக்க நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காரவில்லை. ஒவ்வொருவரும் தன் பங்கைச் செய்துவிட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிட்டார்கள். ஆபத்து மதிப்பீடு செய்திருக்க வேண்டும் என்று பின்னர் நடந்த தனி விசாரணை அறிக்கை சொன்னது.

இன்னொன்று, சுருக்கமாக. வர்ஜீனியா மாநிலம், நியூபோர்ட் நியூஸ், 2023 ஜனவரி 6. ஆறு வயதுக் குழந்தை, முதல் வகுப்பு. துப்பாக்கி கொண்டுவந்திருக்கலாம் என்று அன்று ஒரே நாளில் ஒருவருக்கு மேற்பட்ட ஊழியர்கள் உதவித் தலைமையாசிரியரிடம் சொன்னதாக வழக்கில் வந்தது. பள்ளி விடப்போகும் நேரம்தானே என்ற நினைப்பு அங்கேயும் இருந்தது. குழந்தை ஆசிரியையைச் சுட்டுவிட்டது. அவர் பிழைத்துக்கொண்டார். 2025 நவம்பரில் நடுவர் குழு அவருக்கு ஒரு கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது. எதிர்த்தரப்பில் நின்றவர் அந்த முன்னாள் உதவித் தலைமையாசிரியர்.

"இன்னும் கொஞ்ச நேரத்தில் பெல் அடிச்சிடும்." நாமும் சொல்கிற வாக்கியம் இது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அதிகம் சொல்கிறோம்.

அமெரிக்க ரகசியச் சேவைத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து 2002இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டன. 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்கள், அவற்றைச் செய்த 41 பேர். அந்தத் தாக்குதல்களில் 81 சதவீதத்தில், செய்யப்போவது குறைந்தது இன்னொருவருக்காவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் பெரும்பாலும் கூடப் படிக்கிற பிள்ளைகள். 93 சதவீதம் பேர் அதற்கு முன்பே யாராவது கவலைப்படும்படி நடந்துகொண்டிருந்தார்கள். ஆனால் தாக்கப்படப்போகிறவரிடமே நேராக மிரட்டல் விட்டவர்கள் குறைவு. இந்த மூன்றாவது விஷயத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கத்துகிறவனைத்தான் நாம் பயந்து பார்க்கிறோம். பெஞ்சைத் தட்டுகிறவன், "டேய்" என்று எதிர்த்துப் பேசுகிறவன், இவர்கள்மேல்தான் நம் முழுக் கவனமும். திடீரென்று பேச்சை நிறுத்திவிட்ட பையனை "இப்பல்லாம் அமைதியாயிட்டான் சார்" என்று பாராட்டுகிறோம்.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டூயி கார்னல் என்ற உளவியலாளர் பள்ளிகளுக்காக ஒரு முறையை உருவாக்கினார். வர்ஜீனியா மாநிலம் 2013இல் எல்லாப் பொதுப் பள்ளிகளிலும் ஆபத்து மதிப்பீட்டுக் குழு இருந்தாக வேண்டும் என்று சட்டமே போட்டது. அந்த முறையின் மையத்தில் இருப்பது மிக எளிய ஒரு வேறுபாடு. கோபத்தில் வந்த பேச்சா, நிஜமாகவே செய்யப்போகிற பேச்சா? நம் ஊர்ப் பாஷையில் சொல்கிறேன். கபடி மைதானத்தில் காலை வாரிவிட்டவனைப் பார்த்து "உன்னைக் கொல்லாம விடமாட்டேன்டா" என்று ஒருவன் கத்தினால், அது பெரும்பாலும் அடுத்த ரெய்டுக்குள் கரைந்துவிடும். "நாலரை மணிக்கு பஸ் ஸ்டாண்டுல அண்ணனுங்க நிப்பாங்க" என்று ஒருவன் குரல் உயர்த்தாமல் சொன்னால், அதில் நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, வெளி ஆள் இருக்கிறது. கபடிக்காரனை அரை மணி நேரம் முட்டி போட வைப்போம். பஸ் ஸ்டாண்டுக்காரன் குரல் நம் காதிலேயே விழாது. விழுந்தாலும், சத்தம் போடாததால் பெரிதாகத் தோன்றாது.

சரி, முதலில் யார் காதில் விழும்? ஆசிரியர் காதில் கடைசியாகத்தான் விழும். கேட்டருகே நிற்கிற வாட்ச்மேனுக்குத் தெரியும், யாரைத் தேடி யார் பைக்கில் வந்து நிற்கிறார்கள் என்று. சத்துணவுக்கூடத்து அம்மாவுக்குத் தெரியும், நேற்றுவரை ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட ரெண்டு பேர் இன்று ஏன் தள்ளித் தள்ளி உட்காருகிறார்கள் என்று. கழிப்பறை கழுவ வருகிறவர் சுவரில் எழுதியிருப்பதை முதலில் படிக்கிறார். படித்துவிட்டு அழித்தும் விடுகிறார், ஏனென்றால் அழிப்பதுதான் அவர் வேலை என்று நாம் சொல்லிவைத்திருக்கிறோம். டவுன் பஸ் கண்டக்டருக்கு நம்மைவிட அதிகம் தெரியும். இவர்களை ஊழியர் கூட்டத்துக்கு நாம் கூப்பிடுவதே இல்லை. கூப்பிட்டாலும் டீ கொடுக்கத்தான்.

பி.இ.டி. சாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாப் பள்ளியிலும் 'முரட்டுப் பசங்களை' அவரிடம்தான் அனுப்புகிறோம். பள்ளியின் பிரம்பு அவர் கையில். நாங்கள் நல்லவர்களாக இருக்கிறோம், அடிப்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். உண்மையில் பிள்ளைகள் மனம்விட்டுப் பேசக்கூடிய ஒரே ஆள் பல பள்ளிகளில் அவர்தான். மைதானத்தில் பிள்ளையின் உடம்பு பொய் சொல்லாது. அவரை அடியாளாக்கியதில் அந்த வாசலையும் நாமே சாத்திவிட்டோம்.

இன்னொரு கசப்பான விஷயத்தையும் பேசிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு எந்த ஆசிரியர் என்ன சாதி என்று தெரியும். நம் பெயரில் இருக்கிறதோ இல்லையோ, தெரியும். அடிபட்ட பையன் யாரிடம் சொல்லலாம் என்று கணக்குப் போடும்போது அதுவும் அந்தக் கணக்கில் சேர்கிறது. நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் 610 பக்க அறிக்கையை முதலமைச்சரிடம் கொடுத்தது. ஒரு பகுதியில் எண்ணிக்கையில் ஓங்கி நிற்கும் சாதியைச் சேர்ந்தவரையே அங்கே தலைமையாசிரியராகவோ கல்வி அதிகாரியாகவோ போடக்கூடாது என்று அது பரிந்துரைத்தது. கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்கவும் சொன்னது. கயிறு பற்றிய பரிந்துரைக்குத்தான் ஊர் முழுக்கச் சண்டை நடந்தது. 2019இல் கல்வித் துறை இதே கயிற்றுக்காக ஒரு சுற்றறிக்கை அனுப்பி, எதிர்ப்பு வந்ததும் அடங்கிப்போனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கயிற்றை அவிழ்க்கச் சொல்வது சுலபம். அவிழ்க்கச் சொல்கிற ஆசிரியர் அன்று மாலை அதே ஊர் வழியாக வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயாக வேண்டும். அவருக்கு யார் துணை? பிள்ளைக்குச் சொன்னதேதான் அவருக்கும். எச்சரிக்கை விடுகிறவரைத் தனியாக விடக்கூடாது.

இப்போது அந்த நிமிஷத்துக்கு வருவோம். வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது, ஒருவன் எழுந்து இன்னொருவன்மேல் பாய்கிறான், அல்லது கையில் ஏதோ இருக்கிறது. என்ன செய்வது?

2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், வகுப்பிலேயே சக மாணவனை அரிவாளால் வெட்டினான். தடுக்கக் குறுக்கே விழுந்த ஆசிரியைக்கும் வெட்டு. முன்பு ஒரு பென்சிலுக்காக எழுந்த சண்டை என்று செய்திகளில் வந்தது. அந்த ஆசிரியை யாரிடமும் பயிற்சி பெற்றிருக்க மாட்டார். உடம்பு போய்விட்டது, அவ்வளவுதான். அந்தத் துணிவை எந்தப் பயிற்சியும் தர முடியாது. ஆனால் அப்படிக் குறுக்கே விழ வேண்டிய கட்டத்துக்கு முன் நமக்குச் சில கணங்கள் பெரும்பாலும் கிடைக்கும். அவற்றை எப்படிச் செலவிடுவது என்பதைக் கற்றுக்கொள்ள முடியும்.

ஆத்திரத்தில் இருக்கிற பிள்ளைக்கு நீளமான வாக்கியம் ஏறாது. "நீ எவ்வளவு நல்ல பையன், உங்க அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டு..." இதெல்லாம் அந்த நேரத்தில் வெறும் சத்தம். பெயரைச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று வார்த்தை போதும். "முருகா, நில்லு. நான் இருக்கேன்." குரலைத் தாழ்த்துங்கள்; உங்கள் குரல் ஏறினால் அவன் குரல் அதற்கு மேல் ஏறும். நேருக்கு நேர் மார்பை நிமிர்த்தி நிற்காதீர்கள், சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள், கை எட்டாத தூரத்தில். கதவை மறிக்காதீர்கள். நம்மில் பலர் முதலில் செய்வது அதுதான், ஓடிப்போய் வாசலில் நின்றுகொள்வோம். வெளியே போக வழி இல்லாதவன் உங்கள் வழியாகத்தான் போவான். பின்னாலிருந்து தோளில் கை போடாதீர்கள். "ஏன்டா இப்படிப் பண்ற?" என்று கேட்காதீர்கள், அந்த நேரத்தில் அவனுக்கே காரணம் தெரியாது, தெரிந்தாலும் நாற்பது பேர் முன்னால் சொல்ல மாட்டான்.

அந்த நாற்பது பேர்தான் பெரிய விஷயம். பார்வையாளர்கள் இருக்கும்வரை அவனால் பின்வாங்க முடியாது, மானப் பிரச்சினை. அவனை வெளியே இழுத்துப் போக முயலாமல் மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். "எல்லாரும் மரத்தடிக்குப் போங்க." வகுப்புத் தலைவியை அடுத்த வகுப்பு டீச்சரிடம் ஓடச் சொல்லுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்பது முன்பே ஒப்புக்கொண்ட ஒரு வார்த்தையாக இருக்கட்டும்: "டீச்சர், நீல நோட்டு வேணுமாம்." அந்த வார்த்தையைக் கேட்டதும் பக்கத்து ஆசிரியர் கேள்வி கேட்காமல் வர வேண்டும். கையில் ஆயுதம் இருந்தால் "என்கிட்ட கொடு" என்று கை நீட்டாதீர்கள். கொடுப்பதற்கு அவன் உங்களை நோக்கி வர வேண்டும், கத்தி உங்கள் பக்கம் வரும். "கீழே வை, தள்ளி நில்லு" என்று சொல்லுங்கள். கைப்பேசியில் படம் பிடிக்கிற ஆசிரியர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் நாகரிகமான வார்த்தை எதுவும் இல்லை.

பிடித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால்? பிடிக்கலாம். வெட்டப் போகிற கையைப் பிடிப்பது தண்டனை ஆகாது. இன்னொருவரின் உடலைக் காக்கும் உரிமையை இந்தியச் சட்டம் எல்லோருக்கும் தருகிறது; பாரதிய நியாய சன்ஹிதாவின் 35ஆம் பிரிவில் இருக்கிறது. ஆபத்துக்குத் தேவையான அளவு பலம், ஆபத்து நீங்கும்வரை மட்டும். இங்கிலாந்தில் இதற்கென்றே 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 93ஆம் பிரிவு பள்ளி ஊழியர்களுக்கு அளவான பலத்தைப் பயன்படுத்த அதிகாரம் தருகிறது. ஆனால் பிடிப்பதிலும் ஆள் சாகலாம். குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றினால் மூச்சு நிற்கும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2009இல் கொடுத்த அறிக்கையில், பள்ளிகளில் பிள்ளைகளைக் கட்டுப்படுத்துகிறோம் என்று பிடித்ததிலும் தனியறையில் அடைத்ததிலும் இருபதாண்டுக் காலத்தில் எழுந்த நூற்றுக்கணக்கான கொடுமைப் புகார்கள் இருக்கின்றன; மரணங்களும் இருக்கின்றன. அவற்றில் சிக்கியவர்கள் பெரும்பாலும் மாற்றுத்திறன் குழந்தைகள். பேச்சு வராத ஒரு குழந்தை மேசையைத் தள்ளுவது, சத்தம் தாங்க முடியவில்லை என்பதைச் சொல்கிற வழியாக இருக்கலாம். சிறப்பாசிரியர் வாரத்துக்கு ஒருநாள் வருகிற பள்ளிகளில் மற்ற நாட்களில் அதை யார் படிப்பது?

இனி பிரம்பு. கல்வி உரிமைச் சட்டம், 2009, 17ஆம் பிரிவு: உடல் தண்டனையும் மன வதையும் கூடாது. உங்கள் கேள்விக்கு இப்போது என் பதில். பிரம்பு இருந்த காலத்தில் பள்ளிகள் பாதுகாப்பாக இருந்தன என்பது நம் நினைவு நமக்குச் சொல்லும் கதை. பிரம்பு சில்லறைச் சேட்டைகளை அடக்கியது, உண்மைதான். அரிவாளை அது அடக்கியதில்லை. அடித்த ஆசிரியரிடம் பிள்ளை எதையும் வந்து சொல்ல மாட்டான். தகவல் வரும் குழாயை அடைத்துவிட்டுத் தண்ணீர் வரவில்லை என்று புலம்புவது போலத்தான் அது. 2012இல் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் குத்திக் கொன்றான். மதிப்பெண் குறைவு பற்றிப் பெற்றோருக்குக் குறிப்பு எழுதி அனுப்பியதில் கோபம் என்று அப்போது எழுதினார்கள். அடி இல்லை, திட்டு இல்லை, ஒரு குறிப்பு. அதற்காக ஆசிரியர் குறிப்பு எழுதக்கூடாதா என்று கேட்பீர்கள். எழுதத்தான் வேண்டும். அந்தக் குறிப்பு வீட்டில் போய் என்ன செய்யும், அப்பா பெல்ட்டை எடுப்பாரா என்று தெரிந்துகொண்டு எழுத வேண்டும். நாற்பது பேர் வகுப்பில் அது எப்படிச் சாத்தியம் என்றால், எல்லோருக்கும் சாத்தியம் இல்லை. சிலருக்காவது தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது டி.சி. 2022 ஏப்ரலில் வேலூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளி மாணவர்கள் மேசைகளை உடைக்கிற காணொளி எல்லோர் கைப்பேசியிலும் ஓடியது. தவறாக நடப்பவர்களைக் காரணம் எழுதி டி.சி. கொடுத்து அனுப்புவது பற்றிய பேச்சு சட்டப்பேரவை வரை போனது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. ஒன்பதிலிருந்து மேலே முடியும் என்று வைத்துக்கொள்வோம். நீக்கினால் என்ன ஆகிறது? பையன் ஊரைவிட்டுப் போய்விடுவதில்லை. கேட்டுக்கு வெளியே, டீக்கடை பெஞ்சில், நம் வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாமல், நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறான். அமெரிக்காவில் 1994இல் துப்பாக்கி கொண்டுவந்தால் ஓராண்டு வெளியேற்றம் என்று சட்டம் கொண்டுவந்து, அது வளர்ந்து வளர்ந்து சின்னத் தப்புக்கெல்லாம் வெளியேற்றுகிற பழக்கமாகிப் போனது. அமெரிக்க உளவியல் சங்கம் 2008இல் ஆராய்ந்து பார்த்து, இதனால் பள்ளிகள் பாதுகாப்பாகின என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

காவல் துறைக்குப் போவது வேறு, டி.சி. வேறு. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் காவல் நிலையத்துக்குச் சொல்லத் தயங்காதீர்கள். "ஸ்கூல் பேரு கெட்டுப்போயிடும்" என்று நிர்வாகம் சொல்லும். "ரெண்டு ஊர்ப் பெரியவங்களையும் கூப்பிட்டு உக்காந்து பேசிக்கலாம்" என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் யாராவது சொல்வார்கள். அந்தச் சமாதானப் பேச்சில் அடிபட்ட பிள்ளையின் தகப்பன் எப்போதும் கடைசி நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார், நாற்காலி கொடுத்திருந்தால். பாலியல் குற்றமாக இருந்தால் நமக்குத் தேர்வே கிடையாது: போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் சொல்லியே தீர வேண்டும், மறைக்கிற நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. மற்ற வன்முறைக்கும் அந்த அளவு உறுதி நம் மனதில் வர வேண்டும்.

அதே நேரம், புகாரில் பெயர் வந்த பையனும் பதினெட்டு வயது ஆகாதவன். இளஞ்சிறார் நீதிச் சட்டம் அவனை லாக்கப்பில் வைக்கக்கூடாது என்கிறது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இளஞ்சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தச் சொல்கிறது. அவன் பெயரையும் படத்தையும் பள்ளியையும் வெளியே சொல்வது 74ஆம் பிரிவின்படி குற்றம். தொலைக்காட்சிக்காரர் கேட்டில் நின்று "யார் சார் அந்தப் பையன்?" என்று கேட்டால், வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டுகிற தலைமையாசிரியர்கள் இருக்கிறார்கள். கூர்நோக்கு இல்லத்திலிருந்து அவன் திரும்பி வரும்போது எந்த பெஞ்சில் உட்காரப்போகிறான் என்பதும் நம் வேலைதான்.

அடிபட்ட ஆசிரியரைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. காயம் ஆறினதும் அதே வகுப்புக்கு, அதே பாடவேளைக்கு அனுப்பிவிடுகிறோம். "நீங்க ஏன் சார் நடுவுல போனீங்க?" என்று சக ஆசிரியர்களே கேட்பதும் உண்டு. இந்த ஒரு கேள்வி போதும், அடுத்த முறை யாரும் நடுவே போக மாட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அன்று மதியமே அவர்களுக்கு மூன்றாம் பருவப் பாடத்தை எடுக்க ஆரம்பிக்காதீர்கள்.

500 மாணவர்களுக்கு மேல் படிக்கிற பள்ளிகளுக்கு ஒரு பள்ளி நல அலுவலர் வேண்டும் என்று சந்துரு குழு கேட்டிருக்கிறது. அந்தப் பணியிடம் வரட்டும், நானும் உங்களோடு சேர்ந்து கேட்பேன். அதுவரை 14417 உண்டு, 1098 உண்டு. ஆனால் எந்த உதவி எண்ணும் பையனோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வராது.

ஆகையால் திங்கட்கிழமை காலை உங்கள் பள்ளியில் ஒரு சின்னக் கூட்டம் போடுங்கள். மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒரே சாதிக்காரர்களாக இல்லாமல், ஒருவராவது பெண்ணாக, ஒருவராவது ஆசிரியரல்லாத ஊழியராக. எந்தப் புகார் வந்தாலும் பள்ளி விடுவதற்கு முன் அந்த மூவரும் உட்கார வேண்டும். சொன்ன பிள்ளை இன்று யாரோடு வீட்டுக்குப் போகிறான், யாரைப் பற்றிச் சொன்னானோ அவன் யாரோடு போகிறான், இரவு எட்டு மணிக்கு இரண்டு வீட்டுக்கும் யார் போன் செய்கிறார்கள், நாளைக் காலை கேட்டில் யார் நிற்கிறார்கள். பதிலோடு பெயரையும் எழுதுங்கள். 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த வாக்கியத்துக்கு எழுவாய் கிடையாது, தமிழாசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பார்த்ததை எழுதுங்கள், நினைத்ததை அல்ல. 'ரவுடித்தனம் செய்தான்' என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது, '11.20க்கு ஸ்கேலை உடைத்து நுனியைக் காட்டினான்' என்றால் அடுத்த ஆளுக்குப் புரியும்.

ஓராசிரியர் பள்ளியில் மூன்று பேருக்கு எங்கே போவது என்று பின் வரிசையில் ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. சத்துணவு அமைப்பாளர் இருக்கிறார், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி இருக்கிறார், அவர் பெரும்பாலும் ஒரு தாய். அவர்களை வைத்துத் தொடங்குங்கள். மற்ற கேள்விகளை இப்போது எடுத்துக்கொள்ளலாம். மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள்.